எட்டுக் குடம் நல்ல தண்ணீர்

கிருபாபாய் முதலில் அளப்பாள், பிறகுதான் பேசுவாள். அன்றைக்கும் முத்தையாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, தங்கத்தாய் நீட்டிய காபியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். வாசல்படி ஓர் அடி உயரம். பின்பக்கம் கக்கூஸ் வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு. உள்ளே பிடித்துக்கொள்ள ஓர் ஆணிகூடக் கிடையாது. குத்தவைத்து உட்காருகிற பீங்கான்.

நாசரேத் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருபத்தாறு வருஷமாக நோயாளிகளைத் தூக்கியும் திருப்பியும் நடக்க வைத்தும் வருகிறவள் அவள். தங்கத்தாயின் கணவர் ஆவுடையப்பன் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாக அவள் பொறுப்பில்தான் இருந்தார்.

"கேளும்மா தங்கத்தாய். உன் வீட்டுக்காரர் இப்போ கம்பை ஊன்றி முப்பது எட்டு வைக்கார். எங்களால ஆனதச் செஞ்சாச்சு. அடுத்த சனிக்கிழமை அவர் கட்டில் இன்னொருத்தருக்கு. ஆனா இந்த வீடு இப்படியே இருந்தா நான் இங்கன அனுப்ப மாட்டேன். ஒரு தடவை விழுந்தார்னா இடுப்பெலும்பு போயிரும். அப்புறம் எந்திரிக்கவே மாட்டார்."

"அனுப்பலன்னா?"

"திருப்பூருக்கு, உம் மக வீட்டுக்குத்தான்."

மகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள். ஆனால் அவள் வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஏற்றிவிட்டால் ஏற்றிவிட்டதுதான், மனிதர் மறுபடி தரையை மிதிக்கப் போவதில்லை. தங்கத்தாய் கிருபாபாயிடம் வாதாடவில்லை. வீட்டைச் சரி பண்ண என்னென்ன வேண்டும் என்று மட்டும் கேட்டாள். கிருபாபாய் விரலை மடக்கிச் சொன்னாள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளத்தில் ஒரு சரிவு. அதில் கைப்பிடிக் கம்பி. பீங்கான் மேல் உட்கார ஒரு இருக்கை. தடுப்பை உடைக்க வேண்டும். ஆறிப்போன காபியைக் குடித்தபடி, "எங்க சபை வாலிபப் பிள்ளைக மே மாசம் ஒரு வாரம் இப்படி வீடு வேலை செய்யப் போவாங்க. சொல்லிப் பார்க்கேன்" என்றாள்.

தங்கத்தாய் பிறந்தது ஏரல் பக்கத்து வயல்காட்டில். நாற்று நட்டுப் பழகிய கை. இருபத்துமூன்று வயதில் கல்யாணமாகி முத்தையாபுரம் வந்தபோது இங்கே நடுவதற்கு வயல் இல்லை, உப்பளம்தான் இருந்தது. அன்று தூக்கிய உப்புப் பெட்டியை முப்பத்துமூன்று வருஷமாக இறக்கவில்லை. விடியுமுன் போனால் வெயில் உச்சிக்கு வரும்போது திரும்புவாள். ஆவுடையப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மாசி மாதம் ஒரு காலையில் சட்டைப் பித்தானைப் போட வரவில்லை என்றார். வாய் ஒருபக்கம் இழுத்தது. வெயில் மயக்கம், சோடா கொடு என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். தொண்டை சரியாக வேலை செய்கிறதா என்று தெரியாத மனிதருக்குச் சோடா கொடுத்தால் அது நுரையீரலுக்குத்தான் போகும். தங்கத்தாய்க்கு அதெல்லாம் தெரியாது. ஆனாலும் யார் பேச்சையும் கேட்காமல் அதே தெரு வேல்ராஜின் ஆட்டோவில் அவரைக் கிடத்தி ஒரு மணி நேரத்துக்குள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள். உயிரும் பேச்சும் மிஞ்சியது அதனால்தான். வலது கையிலும் வலது காலிலும் பாதிப் பலம்தான் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேன் வந்து நின்றது. சிமெண்டு, ஜல்லி, இரும்புக் குழாய், வெல்டிங் பெட்டி எல்லாம் இறங்கின. கூடவே ஐந்து பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினேழு வயது, பெயர் ஈவாஞ்சலின், பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவள். ஜெர்சன் என்பவன் பதினாறு வயதுக்கு அதிக உயரம், எதற்கும் சிரிப்பான். மற்ற மூவரும் பேசுவதற்கே கூச்சப்பட்டார்கள். கூட்டி வந்தவர் நேசக்குமார், தொழிற்பள்ளியில் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவர்.

பக்கத்து வீட்டுப் பேச்சிச்செல்வி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "ஏளா தங்கம், வேதக்காரப் பிள்ளைகளாமே? வீட்டைப் பூசிட்டு உனக்கு ஞானஸ்நானமும் குடுத்துட்டுப் போவாங்களா?"

"எனக்குக் கைப்பிடி குடுத்தாப் போதும். உனக்கு வேணும்னா வரிசைல நில்லு."

ஜெர்சன் சிரித்துவிட்டான். பிறகு, "ஆன்ட்டி, இந்த மூட்டைய எங்க வைக்க?" என்றான்.

"ஆன்ட்டியாம்ல! பெரியம்மான்னு கூப்பிடு. அங்கன, நிழல்ல வையி."

அந்தக் குழுவுக்கு ஒரு சட்டம் இருந்தது. போகிற வீட்டில் ஒன்றும் வாங்கக் கூடாது. சாப்பாடு, குடிதண்ணீர் எல்லாம் வேனிலேயே வரும். நேசக்குமார் போட்ட சட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் சாத்தான்குளம் பக்கம் ஒரு விதவை வீட்டுக்கு ஓடு மாற்றப் போனார்கள். அவள் தன்னிடமிருந்த ஒரே கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள். அந்தக் குழம்பு தொண்டையில் இறங்கவில்லை என்று இன்றைக்கும் சொல்வார். அதிலிருந்து யார் என்ன நீட்டினாலும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, "வேண்டாம் பெரியம்மா, தேங்க்ஸ்" என்பார்கள். தங்கத்தாய் நீட்டிய டீக்கும் அதே பதில்தான் வந்தது.

மறுநாள் விடியுமுன் அவள் அளத்துக்குப் போக வேண்டும். சாவியை ஈவாஞ்சலினிடம் கொடுத்தாள். "வேலைக்குத் தண்ணி உள்ள வச்சிருக்கேன். எட்டுக் குடம்." முத்தையாபுரத்தில் அந்தத் தெருவுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும். போன முறையும் அன்று காலையும் பிடித்த தண்ணீர் முழுவதையும் அவள் சிமெண்டுக்கென்று ஒதுக்கியிருந்தாள். ஈவாஞ்சலின், "சரி பெரியம்மா" என்றாள்.

திங்கள் மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது வாசல்படி காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் முன்சுவரை ஒட்டிப் பன்னிரண்டடி நீளத்துக்கு ஈரச் சரிவு. கம்பி நட நாலு குழாய்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகளின் முகமெல்லாம் வெயிலில் கன்றியிருந்தது. ஜெர்சனின் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். அவன் அதைப் பரிசு வாங்கியதுபோல் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான்.

"எப்படி பெரியம்மா?"

"நல்லாருக்குய்யா" என்று சொல்லிவிட்டுத் தங்கத்தாய் உள்ளே போனாள்.

எட்டுக் குடமும் வைத்தது வைத்தபடி இருந்தன. மூடிய தட்டுகூட அசையவில்லை.

தெருமுனை அடிபம்பில் அடித்திருக்கிறார்கள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த அடிபம்புத் தண்ணீர் பாத்திரம் கழுவக்கூட ஆகாது, அவ்வளவு உப்பு. நாசரேத்துப் பக்கம் எந்தக் கிணற்றில் மோந்தாலும் சிமெண்டு குழைக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீரைப் போய்ச் சிமெண்டில் ஊற்றுவதா, பெரியம்மாவுக்குப் பாரமாக இருக்கக் கூடாதே என்று அவர்கள் வெயிலில் அறுபது எட்டு நடந்து அடித்துச் சுமந்திருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் உப்பு அதைப் பார்க்காது.

அவள் வீட்டின் பின்சுவரே அதற்குச் சாட்சி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆவுடையப்பன் அவசரப்பட்டு அடிபம்புத் தண்ணீரில் குழைத்துப் பூசியது. அவள் வேண்டாம் என்றாள், அவர் கேட்கவில்லை. இரண்டே வருஷத்தில் வெள்ளையாகப் பூத்துப் பொரிந்து உதிர ஆரம்பித்தது. இன்றுவரை தினம் காலையில் அந்தச் சுவரடியில் ஒரு கை மணலைக் கூட்டி அள்ளுகிறாள். சுவரென்றால் உதிரட்டும் என்று விட்டுவிடலாம். ஒருபக்கம் விளங்காத மனிதர் கம்பை ஊன்றி ஏறப்போகிற சரிவு உதிர்ந்தால், அந்த மணலில் கம்பு வழுக்கும். உள்ளே நட்ட இரும்பும் துருப்பிடித்து ஆடும். அவர் பிடிக்கும்போதுதான் அது கையோடு வரும்.

ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளைகள், லீவை விட்டுவிட்டு வந்து, ஒரு டீகூட வாங்காமல் கை கொப்புளிக்க உழைத்துப் போட்டது. அதை எப்படி ஆகாது என்பது? சோற்றைப் போட்டவர்களிடம் உப்பு குறைச்சல் என்று சொல்வதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அளத்திலிருந்து வந்தால், வீட்டுக்குள் ஒரே கூத்து. ஈவாஞ்சலின் தன் துப்பட்டாவால் ஜெர்சனின் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். வலது காலில் ஒரு பலகையை வைத்து மடங்காமல் இறுக்கியிருந்தாள்.

"என்னளா இது, பிள்ளையப் பாடையில கட்டுன மாதிரி?"

"கிருபா அத்தை சொன்னாங்க பெரியம்மா, பெரியப்பாவுக்கு வலதுபக்கம் வராதுன்னு. அதான் இவன நடக்க விட்டுப் பாக்கோம். ஏலே, நட!"

ஜெர்சன் கக்கூஸை நோக்கிக் காலை இழுத்துக்கொண்டு போனான். இடதுபக்கச் சுவரில் நேசக்குமார் போல்ட் போட்டு மாட்டியிருந்த கம்பியைப் பிடித்து நன்றாகவே போய்ச் சேர்ந்தான். வெல்டிங் அடித்த இருக்கையில் உட்கார்ந்தான், எழுந்தான். திரும்பி வரும்போது நடு வழியில் நின்றுவிட்டான். இப்போது கம்பி அவனுடைய கட்டுப்போட்ட கைப்பக்கம் இருந்தது.

"அக்கா, வரும்போது பிடிக்க ஒண்ணுமில்ல. நான் இங்கனயே குடியிருக்க வேண்டியதுதான்."

"நாத்தத்துல கிட. உனக்கு அதான் சரி" என்றாள் ஈவாஞ்சலின். ஆனால் முகம் மாறிவிட்டது. "அண்ணா, ரெண்டு பக்கமும் கம்பி வேணும்."

படித்த இன்ஜினியர்கள் கட்டிய ஆஸ்பத்திரிகளிலேயே இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். போகும்போது இடது என்றால் வரும்போது வலது. நேசக்குமார் அன்றைக்கே எதிர்ச்சுவரிலும் கம்பி மாட்டினார். தங்கத்தாய் அந்தக் கம்பியில் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. இவ்வளவு யோசித்துச் செய்கிற பிள்ளைகளிடம் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்வது முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது.

புதன்கிழமை சரிவு காய்ந்து விளிம்பில் வெள்ளை பூத்தது. தங்கத்தாய் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முப்பத்துமூன்று வருஷம் சுமந்த ருசி.

மத்தியானம் போன் வந்தது. கிருபாபாயின் போனில் ஆவுடையப்பன். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் விளங்கும்.

"ஏளா, வேல முடிஞ்சிட்டா?"

"முடிஞ்ச மாதிரிதான். உங்க வேல என்ன, வேளாவேளைக்கு நடக்கியளா?"

"நடக்கேன், நடக்கேன். சரிவு போட்டாச்சுன்னு இந்த அம்மா சொல்லுதா. எந்தத் தண்ணில குழைச்சாங்க?"

அவர் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பின்சுவர் உதிரும்போதெல்லாம் அவள் குத்திக்காட்டிய கேள்வி அது.

"நல்ல தண்ணிலதான்."

"சரி. நான் பண்ணுன கூத்த அந்தப் பிள்ளைகளும் பண்ணிரக் கூடாதுன்னு கேட்டேன். சனிக்கிழமை வாரேன். நானே ஏறுவேன், யாரும் தூக்க வேண்டாம்."

தங்கத்தாய் போனை வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் சின்னப் பொய்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். கால் வைக்கிற இடத்தைப் பற்றி இதுவரை சொன்னதில்லை. நேராக வாசலுக்கு வந்தாள். ஐந்து பேரும் நேசக்குமாரும் வேன் நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, சாப்பிட்டு முடிச்சிட்டு ஒரு விஷயம் கேளுங்க. இத உடைக்கணும்."

ஜெர்சன் வாயில் சோற்றோடு, "எத பெரியம்மா?" என்றான்.

"இந்தச் சரிவ. அடிபம்புத் தண்ணி உப்புல்லா? பொரிஞ்சு போவும். திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரல. எம்மேலதான் தப்பு." பின்பக்கம் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். நேசக்குமார் நகத்தால் சுரண்டினார். பூச்சு பிஸ்கட் மாதிரி உதிர்ந்து காலில் விழுந்தது.

ஈவாஞ்சலின் கண் நிறைந்துவிட்டது. "தண்ணி உள்ள இருக்குன்னு சொன்னீங்க பெரியம்மா. குடிக்கிற தண்ணியாச்சே, அத எடுக்கக் கூடாதுன்னு நாங்கதான்..."

"எடுக்கக் கூடாதுன்னு நான் போட்ட சட்டம்" என்றார் நேசக்குமார். அவர் காது சிவந்திருந்தது. "உங்க பொருள் எதையும் தொடாம உங்க வீட்ட கட்டலாம்னு நெனச்சுட்டேன் அக்கா."

"ஆமா. ஒரு டீய வாங்கிக் குடிச்சிருந்தா அன்னைக்கே பேச்சுவாக்குல சொல்லிருப்பேன். நீங்க கையக் கட்டிக்கிட்டு நின்னா நான் எந்த வாயத் தொறக்க?"

ஜெர்சன் சாப்பாட்டு டப்பாவை மூடினான். "கட்டும்போது கொப்புளம் வந்துச்சு. உடைக்கும்போதாவது ஜாலியா இருக்கும். சம்மட்டி எங்கண்ணா?"

உடைத்தார்கள். மூன்றாம் நாள் சிமெண்டு, சாயங்காலத்துக்குள் பெயர்ந்துவிட்டது. நட்ட குழாய்களைப் பிடுங்கிக் கழுவித் துடைத்து வைத்தார்கள். மீதியிருந்த சிமெண்டு மூட்டைகள் மறுபடி போடுவதற்குச் சரியாக இருந்தன. தங்கத்தாய் டீ போட்டாள். ஏழு டம்ளர். பிள்ளைகள் நேசக்குமார் முகத்தைப் பார்த்தார்கள். அவர் முதல் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

எட்டுக் குடத்தில் மூன்று நாள் வீட்டுச் செலவு போக மிச்சம் நாலுதான். மறுபடி சரிவு போடவும், போட்ட பிறகு நனைத்துக்கொண்டே இருக்கவும் அது போதாது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழாய் வரும் முறை. தங்கத்தாய் அன்றைக்கு அளத்துக்குப் போகவில்லை. பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். தெருப் பெண்களுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை.

"ஏலே நெட்டைப் பயலே, குடத்த இடுப்புல வைக்கணும். குழந்தையத் தூக்குத மாதிரி கட்டிப்பிடிக்காத!"

"எனக்கு இடுப்பே இல்லையே அக்கா."

"நாசரேத்துல சோறு போட மாட்டாங்களால?"

வீட்டுக்கு நாலு குடம் என்பது தெருக் கணக்கு. தங்கத்தாய் வீட்டுக்கு நாலுதான் கிடைக்கும். அவள் நாலாவது குடத்தைத் தூக்கும்போது பின்னால் நின்ற பேச்சிச்செல்வி தன் குடத்தை நகர்த்தி ஜெர்சன் குடத்தைக் குழாயடியில் தள்ளினாள். "பிடி. என் முறைல ரெண்டு. உங்க கர்த்தருகிட்டச் சொல்லு, பேச்சிச்செல்வி குடுத்தான்னு." அதற்குப் பின்னால் நின்றவளும் ஒரு குடம் விட்டாள். யாரும் கேட்டு வாங்கியதல்ல. சனிக்கிழமை ஆவுடையப்பன் வருவது எல்லோருக்கும் தெரியும்.

பத்தரை மணிக்குள் குழாய்களை இரண்டு ஓரமும் நட்டுச் சரிவை மறுபடி போட்டாகிவிட்டது. இந்தத் தடவை தங்கத்தாயே பக்கத்தில் நின்று ஒவ்வொரு குடமாக ஊற்றினாள். மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஈவாஞ்சலின் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு கோடாக இழுத்துவிட்டாள், கம்பு வழுக்காமலிருக்க. சாக்கை நனைத்துப் போர்த்தினார்கள். இரண்டு நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் சொம்போடு வந்து நனைத்தார்கள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வேல்ராஜின் ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது. முதலில் இறங்கியது கிருபாபாய். யாரிடமும் பேசவில்லை. சாக்கை விலக்கி, சாவியால் சரிவைக் கீறிப் பார்த்தாள். டேப்பை வைத்து அளந்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாக உலுக்கினாள். உள்ளே போய் இருக்கையில் தானே உட்கார்ந்து எழுந்தாள். இரண்டு பக்கக் கம்பியையும் பார்த்ததும், "இது யாரோட யோசனை?" என்றாள். பிள்ளைகள் ஈவாஞ்சலினைத் தள்ளிவிட்டார்கள். கிருபாபாய் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் பாராட்டுகிற அளவு அவ்வளவுதான்.

"இன்னும் ஒரு வாரம் சாக்கு நனையணும். மத்தபடி சரி. இறங்குங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் இறங்கினார். மெலிந்திருந்தார், சவரம் பண்ணிச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. சரிவின் அடியில் நின்று உற்றுப் பார்த்தார். பிறகு தங்கத்தாயைப் பார்த்தார்.

"எந்தத் தண்ணி?"

"மொதல்ல அடிபம்புத் தண்ணி. உங்ககிட்டப் பொய் சொன்னேன். அப்புறம் உடைச்சுட்டு நல்ல தண்ணில போட்டாங்க. தெருவே தண்ணி குடுத்துச்சு."

"உடைச்சாங்களா?" அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நான் உடைக்கலயே. பதினெட்டு வருசம் இவகிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டுக் கிடந்தேன்."

"ஏறும்போது நல்ல கால் முதல்ல" என்றாள் கிருபாபாய். அவர் இடது காலை வைத்தார். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வலது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்தார். மறுபடி இடது. ஜெர்சன் கையை நீட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான், தொடவில்லை. பன்னிரண்டடிக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. வாசலில் ஏறி நின்றதும் பேச்சிச்செல்விதான் முதலில் கையைத் தட்டினாள்.

போகும் முன் ஜெபம் பண்ணலாமா என்று நேசக்குமார் கேட்டார். "பண்ணுங்க" என்றாள் தங்கத்தாய். "அவரு பேரு ஆவுடையப்பன். பேரச் சரியாச் சொல்லுங்க, வேற யாருக்கும் போயிரப்படாது." ஈவாஞ்சலின்தான் ஜெபித்தாள். பெரியப்பாவின் கால்களுக்காகவும், தெருக் குழாய்க்காகவும், தண்ணீர் கொடுத்தவர்களுக்காகவும் நன்றி சொன்னாள். உண்மையைச் சொன்ன பெரியம்மாவுக்காகவும் என்று முடித்தாள். தங்கத்தாய் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு இருந்தது. யாருக்கும் அது இடைஞ்சலாக இல்லை.

பிறகு எல்லோரும் டீ குடித்தார்கள். ஜெர்சன் இரண்டு டம்ளர். பிள்ளைகள் வேன் ஏறினார்கள். "கைக்கு மருந்து போடுல" என்று தங்கத்தாய் ஜெர்சனிடம் சொன்னாள். ஈவாஞ்சலினைப் பிடித்து நிறுத்தி, "உன் பரீட்சை நல்லா வரும்" என்றாள். வேன் திரும்பும்வரை நின்றாள்.

உள்ளே வந்தபோது ஆவுடையப்பன் கட்டிலில் இல்லை. பின்பக்கம் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. அவள் ஓடினாள். கக்கூஸ் கதவு சாத்தியிருந்தது.

"விழுந்திராதிய!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு பக்கமும் கம்பி கிடக்கு, எப்படிளா விழ? ரெண்டு மாசமா கக்கூஸ்லகூட ஒரு ஆளு நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. நீ போ, அங்கிட்டுப் போ."

தங்கத்தாய் போனாள். வாசலுக்கு வந்து, சாக்கை மறுபடி சரிவில் விரித்து, கடைசிக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மோந்து அதன் மேல் ஊற்றினாள். ஓரம்வரை நனைகிறதா என்று பார்த்து, இன்னொரு சொம்பு ஊற்றினாள்.